பாட்டில் உடையாவிட்டால் படகுக்கு ஆகாதா?

கேள்வி: புதிதாக ஒரு மோட்டார் யாட் வாங்கியிருக்கிறோம், 14 மீட்டர், ஃபைபர்கிளாஸ். பெயர் சூட்டும்போது ஷாம்பெய்ன் பாட்டிலை அதன் மூக்கில் அடித்து உடைக்க வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை. கட்டிக்கொடுத்தவரோ வேண்டாம் என்கிறார். முதல் அடியில் உடையாவிட்டால் அபசகுனம் என்று வேறு பயமுறுத்துகிறார்கள்.

பதில்: கட்டியவர் சொல்வதைக் கேளுங்கள். ஷாம்பெய்ன் பாட்டிலுக்குள் இருக்கும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், அதைத் தாங்கத்தான் அந்தக் கண்ணாடி அவ்வளவு தடிமன். எஃகுக் கப்பலில் அடித்தால் பெரும்பாலும் சிதறும். ஃபைபர்கிளாஸ் கொஞ்சம் வளைந்து கொடுப்பதால் பாட்டில் துள்ளித் திரும்பிவிடும், வெளிப்பூச்சில்தான் விரிசல் விழும். உடைத்தே தீருவேன் என்றால் பாட்டிலில் முன்கூட்டியே கண்ணாடி வெட்டியால் கோடு கிழித்து, சில்லுகள் தெறிக்காமல் இருக்க வலைப்பையில் போட்டு, நங்கூரம் தாங்கும் எஃகுப் பிடிமானத்தில் அடிக்க வேண்டும் (கோடு கிழித்த பாட்டில் கையிலேயே வெடிக்கலாம், ஜாக்கிரதை). என்னைக் கேட்டால், மூடியைத் திறந்து மூக்கில் கொஞ்சம் ஊற்றிவிட்டு மிச்சத்தைக் குடிப்பேன்.

அபசகுனமா? கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பலுக்கு முதல் அடியில் பாட்டில் உடையவில்லை, 2012-ல் பாறையில் மோதிக் கவிழ்ந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். கரைக்கு அவ்வளவு பக்கத்தில் ஓட்டினால் எந்த பாட்டில் காப்பாற்றும்? 2007-ல் குயீன் விக்டோரியா என்ற கப்பலுக்கும்தான் முதல் அடியில் உடையவில்லை, அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை.

சரி, பயப்பட வேண்டிய இடம் வேறு. படகைப் பட்டைகளில் தூக்கித் தண்ணீரில் இறக்கியதும் கைதட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள், 'பட்டையைக் கழற்றுங்கள்' என்று யாராவது கத்துவார்கள். கழற்ற விடாதீர்கள். தூக்கி இறக்கிய பட்டைகளிலேயே படகு தொங்கட்டும், நீங்கள் டார்ச்சோடு உள்ளே போய் தரைப்பலகையைத் தூக்கி, கடல்நீர் போய்வரும் துளைகளை மூடித் திறக்கும் ஒவ்வொரு வால்வையும், விசிறித் தண்டு (இன்ஜினிலிருந்து படகைத் தள்ளும் விசிறியைச் சுழற்றுவது) வெளியே போகும் இடத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் அப்படியே மேலே தூக்கிவிடலாம், பட்டை போன பிறகு அது முடியாது. வடிகால் துளையின் மூடியை மாட்ட மறந்துபோய் முதல் நாளே பம்ப் போட்டவர்கள் நிறைய பேர். அப்புறம் இன்ஜினை ஓட்டி, இன்ஜினைக் குளிர்வித்த தண்ணீர் புகைக்குழாய் வழியாக வெளியே வருகிறதா பாருங்கள். வராவிட்டால் உடனே அணைத்துவிட வேண்டும்.

நாலைந்து நாள் மிதந்த பிறகு விசிறித் தண்டும் இன்ஜினும் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். கரையில் தாங்கிகள் மேல் உட்கார்ந்திருந்த உடல் தண்ணீரில் லேசாக வடிவம் மாறும்.