எந்த இடத்தில் முட்டும்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். போன வருடம் பலரும் பரிந்துரைத்த புத்தகங்களைத் தேடி வாங்கினேன். பாதிக்கு மேல் ஐம்பது பக்கம் தாண்டவில்லை. பரிந்துரைத்தவர்கள் எல்லோரும் ‘அற்புதம்’, ‘தவறவிடாதீர்கள்’ என்கிறார்கள். எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லையோ என்று சந்தேகமாக இருக்கிறது. நீங்கள் சமீபத்தில் படித்தவற்றில் எதைச் சொல்வீர்கள்? பக்கங்களைத் தள்ளிவிட்டுப் படிப்பது தப்பா? எதில் தொடங்கலாம்?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் வாசிப்பில் ஒரு கோளாறும் இல்லை. ஒரு புத்தகத்தைக் கையில் கொடுப்பவர், அது எந்த இடத்தில் முட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். நம்மிடையே அந்த வழக்கம் குறைவு. சொன்னால் புத்தகத்தைக் குறை சொன்னதாக ஆகிவிடுமாம்!

சமீபத்தில் நான் படித்தவற்றில் பெரும்பாலும் பழையவை, அதிலும் மறுவாசிப்புகள். புதியவற்றில் சிலவற்றை நானும் பாதியில் மூடிவைத்தேன். அவற்றின் பெயர் இங்கே வேண்டாம்.

முதலில் உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. ஆனந்த விகடனில் 1940 முதல் தொடராக வந்து, 1942இல் அவர் காலமானதால் முடிவுறாமல் நின்றுபோன தன்வரலாறு. தலையணை கனம். தொடக்கத்தில் ஊர், முன்னோர், உறவினர் என்று நிதானமாகப் போகும். பெரும்பாலானவர்கள் அங்கேயே கீழே வைத்துவிடுகிறார்கள். பொறுமை இல்லையென்றால் அந்த அத்தியாயங்களை மேலோட்டமாகப் பார்த்துக்கொண்டு, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் போய்ச் சேரும் இடத்துக்கு வந்துவிடுங்கள். அங்கிருந்து புத்தகமே வேறு.

பிள்ளை உடனே அவருக்கு நேரடியாகப் பாடம் சொல்லிவிடவில்லை. வேறொரு மாணவரிடம் ஒப்படைத்துவிட்டார். பையனுக்கு ஏக்கம். பிள்ளைக்குத் தோட்டத்தின்மேல் தனிப் பிரியம். தினமும் காலையில் போய் எந்தச் செடி துளிர்த்திருக்கிறது என்று பார்ப்பார். இதைக் கவனித்த பையன், தானே முன்னால் போய்ப் புதுத் தளிர் எங்கெங்கே விட்டிருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, அவர் வரும்போது ஒவ்வொன்றாகக் காட்டுகிறான். அவர் முகம் மலரும் சமயம் பார்த்துப் பேச்சைப் பாடத்தின் பக்கம் திருப்புகிறான். ஒரு பெரிய அறிஞரின் கல்வி இந்தச் சின்னத் தந்திரத்தின் வழியாக நடந்திருக்கிறது. அவரும் அதைக் கொஞ்சமும் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். செய்யுள்கள் வருமிடம் புரியவில்லையா, தள்ளிவிட்டுப் போங்கள். ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கும் பகுதியைத் தள்ளிவிடாதீர்கள். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கலம்பகம் என்று அடுக்குகிறார். முதலியார் அசையவே இல்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான் 1887இல் வெளியான சிந்தாமணிப் பதிப்பு. படித்த பட்டியலை நீட்டுகிறவர்கள் எல்லோரும் ஒருமுறை படிக்க வேண்டிய பக்கங்கள் அவை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்து ப.சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’, 1972. இரண்டாம் உலகப் போர்க்காலம், சுமத்ராவின் மேடான், மலாயாவின் பினாங்கு. இது ஒரு இடத்தில் அல்ல, பல இடங்களில் முட்டும். தொடக்கத்திலேயே ஜப்பானியப் படை மேடானுக்குள் நுழைகிறது. டச்சு, மலாய், சீனச் சொற்கள் விளக்கமில்லாமல் வந்துகொண்டே இருக்கும். எதற்கும் அகராதி தேடாதீர்கள். அந்தத் தெருவில் புதிதாக வந்து நிற்பவனுக்கு எவ்வளவு புரியுமோ அவ்வளவு புரிந்தால் போதும். நண்பர்கள் குடித்துக்கொண்டே தமிழின் பழம்பெருமையைக் கிண்டலடிக்கும் பேச்சுகள் நீளமானவை. பழைய இலக்கியம் கொஞ்சம் தெரிந்தால் வாய்விட்டுச் சிரிக்கலாம். தெரியாவிட்டால் சலிப்புதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் நாயகன் பாண்டியன் ஏறிப்போகும் தொங்கான் என்ற சரக்குப் படகு புயலில் மாட்டும் பகுதி வரைக்கும் எப்படியாவது வந்துவிடுங்கள். கடல் பொங்கும் வேகத்தில் வாக்கியங்களும் முறிந்து, குட்டையாகி, தாறுமாறாக ஓடும். கடலைப் பற்றித் தமிழில் நான் படித்த உரைநடையில் அதற்கு இணையாக வேறொன்றைச் சொல்லத் தெரியவில்லை. சிங்காரம் எழுதிய நாவல்கள் மொத்தமே இரண்டு. மனிதர் மதுரையில் நாளிதழ் வேலையைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் இருந்துவிட்டார்.

பூமணியின் ‘வெக்கை’யில் (1982) முட்டுவது புத்தகத்துக்கு வெளியே இருக்கிறது. இதை வைத்து எடுத்த ‘அசுரன்’ படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அப்பனின் பழைய கதையைத் தேடுகிறார்கள். நாவல் முழுக்க அந்தப் பையன் சிதம்பரம்தான். முதல் பக்கத்திலேயே வெட்டு விழுந்துவிடுகிறது. அப்புறம் அப்பனும் மகனும் ஒளிந்து திரிவது, பசிப்பது, கிடைத்ததைச் சமைத்துத் தின்பது, பேசிக்கொள்வது, அவ்வளவுதான். படத்தை மறந்துவிட்டுப் படியுங்கள்.

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சின்னப் புத்தகம், எங்கும் முட்டாது. டீச்சரம்மா தன் கல்யாணத்தைப் பற்றி நாயகி ஜமுனாவிடம் சொல்லும் பக்கங்களை மட்டும் வேகமாகக் கடந்துவிடாதீர்கள்.

எதில் தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’, 1964. நொடித்துப்போன ஒரு பழைய வீடு, வயது வந்ததும் படிப்பு நின்று அதற்குள் அடைபடும் லிஸி, பனையேறியின் மகன்மேல் அவளுக்கு வரும் காதல். குமரி மாவட்டத்துப் பேச்சு தொடக்கத்தில் காதுக்குப் புதிதாக இருக்கும். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், சீக்கிரம் பழகிவிடும். ஓரிரு நாளில் முடித்துவிடலாம். முடித்த கையோடு சிங்காரத்துக்குப் போக வேண்டாம், நடுவில் ‘தண்ணீர்’ இருக்கட்டும்.

அன்புடன்.