சைக்கிள் ஏன் நடுவில் வருகிறது? கேள்வி பதில்

ஓட்டுநர்களும் சைக்கிள் ஓட்டுபவர்களும் அனுப்பியவை. வசவுகளை நீக்கிவிட்டேன், அவற்றுக்குள் இருந்த கேள்விகளை நீக்கவில்லை. வண்டிகள் எந்தப் பக்கம் ஓடும் நாட்டுக்கும் பொருந்த வேண்டும் என்பதால் இடம், வலம் என்று சொல்லாமல் ஓரப்பக்கம், நடுப்பக்கம் என்றே எழுதுகிறேன்.

கேள்வி: ஓரமா போனா எல்லாருக்கும் நிம்மதி. வேணும்னே நடுவுல வந்து ஏன் சார் வழிய மறிக்கிறாங்க?

ஒரு கூட்டல் கணக்குப் போடுவோம். சாலை விளிம்பிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளிச் சக்கரம் உருள்கிறது. அதற்கும் ஓரமாகப் போனால் மணல், சாக்கடை மூடி, உடைந்த தார். கைப்பிடியின் பாதி அகலம் 0.3 மீட்டர். நீங்கள் விட வேண்டிய இடைவெளி 1.5 மீட்டர். பக்கக் கண்ணாடிகளோடு உங்கள் கார் 2 மீட்டர். மொத்தம் 4.55 மீட்டர். ஒரு தடத்தின் அகலமோ பெரும்பாலும் 3 முதல் 3.5 மீட்டர்தான்.

ஆக, சைக்கிள் விளிம்பை ஒட்டியே போனாலும் நீங்கள் நடுக்கோட்டைத் தாண்டித்தான் முந்த வேண்டும். எதிரே வண்டி வந்தால் சைக்கிள்காரர் ஓரத்தில் இருந்தாலும் நடுவில் இருந்தாலும் முந்த வழியில்லை. ஓரத்தில் இருக்கும்போது இடம் இருப்பதுபோலத் தோன்றும், அவ்வளவே. அதை நம்பி நுழையும்போதுதான் உரசல் நடக்கிறது. குறுகல், வளைவு, பாலம், சந்திப்பு ஆகிய இடங்களில் அவர் முன்கூட்டியே தடத்தின் நடுவுக்கு வருவது, அந்தத் தோற்றத்துக்கே இடம் கொடுக்காமல் இருக்கத்தான். நிறுத்திவைத்த கார்களை ஒட்டிப் போகும்போதும் இதே கதை. கதவு திறந்தால் ஏறக்குறைய 1 மீட்டர் வெளியே நீளும்.

சாலை அகன்ற பிறகும் நடுவை விடாமல் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்காக நான் வாதாடப் போவதில்லை.

கேள்வி: 1.5 மீட்டர்னு யார் வச்ச கணக்கு?

பல நாடுகளின் சட்டமும் விதிநூலும். ஜெர்மனியில் 2020 முதல் ஊருக்குள் 1.5 மீட்டர், வெளியே 2 மீட்டர். பிரான்சில் ஊருக்குள் 1 மீட்டர், வெளியே 1.5 மீட்டர். பிரிட்டனின் சாலை விதிநூல் 2022 திருத்தத்தில், மணிக்கு 30 மைல் வரை குறைந்தது 1.5 மீட்டர் என்றது, அதற்கு மேல் போனால் இன்னும் கூடுதல். ஓடும்போது டேப் பிடித்து அளக்க முடியாது. உங்கள் கார்க் கதவை முழுதாகத் திறந்தாலும் அவரைத் தொடாது, அதற்குப் பிறகும் அரை மீட்டர் மிஞ்சும் என்று தோன்றினால் சரி.

கேள்வி: ஆபீசுக்கு லேட்டாகுது. சைக்கிள் பின்னாடி மாட்டினா நேரம் போயிடுதே?

200 மீட்டர் தூரம் அவர் பின்னால் போகிறீர்கள் என்று வையுங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் 36 நொடி ஆகும், 50-ல் போயிருந்தால் 14 நொடி. இழப்பு 22 நொடி. ஊருக்குள் என்றால் அடுத்த சிவப்பு விளக்கில் அது பெரும்பாலும் கணக்கில் வராமலே போய்விடும். இது எரிச்சலூட்டுவது உண்மைதான். காரணம், தடுப்பது யார் என்று கண்ணெதிரே தெரிகிறது. நெரிசலில் உங்களைத் தடுக்கும் முந்நூறு கார்களில் எதன்மீதும் குறிப்பாகக் கோபம் வருவதில்லை.

கேள்வி: ஹாரன் அடிச்சா தப்பா? வர்றேன்னு தெரியட்டும்னுதானே அடிக்கிறோம்.

தூரத்தில் இருக்கும்போது சின்னதாக ஒருமுறை அடிப்பதில் தவறில்லை. பக்கத்தில் வந்து நீளமாக அடித்தால் அவர் திடுக்கிடுவார், திரும்பிப் பார்ப்பார். திரும்பிப் பார்க்கும் பக்கம் கைப்பிடியும் இழுக்கும். அதாவது உங்கள் பாதைக்குள்ளேயே வருவார். இன்னொன்று: அவர் தானாகவே தோளுக்குமேல் பின்னால் பார்த்தால், ஒதுங்கவோ திரும்பவோ போகிறார் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள்.

கேள்வி: ரோடு டாக்ஸ் கட்டறது நாங்க. அவங்களுக்கு என்ன உரிமை?

சாலை தேயும் அளவு அச்சின் மேல் விழும் எடையின் நான்காம் படியைப் பொறுத்தது. 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த பெரிய சோதனையிலிருந்து வந்த விதி இது. 1,500 கிலோ காருக்கு ஓர் அச்சில் 750 கிலோ. ஆளோடு 90 கிலோ சைக்கிளுக்கு 45 கிலோ. விகிதம் 16.7. நான்கு 16.7-களை ஒன்றோடொன்று பெருக்கினால் ஏறக்குறைய 77,000. அதாவது கார் சாலையைத் தேய்ப்பது சைக்கிளைவிட அத்தனை மடங்கு. விதி கனரக வண்டிகளை வைத்து உருவானதால் இந்த எண்ணைத் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள். பாதியாகக் குறைத்தாலும் வாதம் மாறாது. உரிமையை வரி ரசீதோடு முடிச்சுப் போடுவதே தவறு என்பது வேறு விஷயம்.

கேள்வி: சிவப்பு விளக்குல நிக்காம போறாங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?

போகக் கூடாது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் 1982 முதல், 'நில்' பலகை இருக்கும் இடத்தில் சைக்கிள் வேகம் குறைத்து, வழிவிட்டுப் போகலாம் என்று அனுமதித்திருக்கிறது. அப்படிச் சட்டம் இல்லாத இடத்தில் அது விதிமீறல்தான். ஒருவர் மீறினால் அடுத்து வரும் பத்துப் பேரை ஓட்டுநர் எப்படி நடத்துவார் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். கார்க்காரர் விதி மீறினால் 'அந்த ஆள்' என்கிறோம், சைக்கிள்காரர் மீறினால் 'இந்தக் கூட்டமே இப்படித்தான்' என்கிறோம்.

கேள்வி: நான் ஒழுங்காத்தான் சைக்கிள் ஓட்டறேன். ஆனாலும் கண்ணாடிய இறக்கித் திட்டறாங்க. ஹெல்மெட், பளபள சட்டைன்னு எல்லாம் போட்டா மரியாதை கிடைக்குமா?

அதை நம்பி வாங்காதீர்கள். 2019-ல் ஆஸ்திரேலியாவில் வந்த ஓர் ஆய்வில், சைக்கிள் ஓட்டாதவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சைக்கிள் ஓட்டுபவரை முழு மனிதராக மதிப்பிடவில்லை. அப்படி நினைத்தவர்களே சீண்டவும் நெருக்கவும் அதிகம் செய்ததாக ஒப்புக்கொண்டார்கள். ஹெல்மெட் விஷயத்தில், பிரிட்டனில் உளவியலாளர் இயன் வாக்கர் 2006-ல் உணரிகள் பொருத்தி அளந்தபோது, ஹெல்மெட் அணிந்திருந்தால் வண்டிகள் சராசரியாக 8.5 சென்டிமீட்டர் நெருங்கி முந்தின. அதே தரவை 2013-ல் மறுபடி ஆராய்ந்தவர்கள் இந்த முடிவை மறுத்தார்கள். விவாதம் தீரவில்லை. தலையைக் காக்க ஹெல்மெட் போடுங்கள், மரியாதைக்காக அல்ல.

பலன் தருவது வேறு. திரும்பும் முன் மூன்று நொடியாவது கையை நீட்டிக் காட்டுவது, நேர்கோட்டில் போவது, நிறுத்திய கார்களுக்கு இடையே நுழைந்து வெளிவராமல் இருப்பது, வழிவிட்டவருக்குக் கை உயர்த்துவது. நீங்கள் அடுத்து என்ன செய்வீர்கள் என்று தெரியாதபோதுதான் பின்னால் வருபவருக்குப் பதற்றம் கூடும். திட்டினால் பதில் பேசாதீர்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு நகருங்கள்.

கேள்வி: நான் லாரி ஓட்டறேன். ஓரப்பக்கம் திரும்பும்போது சைக்கிள் எங்கிருந்து வருதுன்னே தெரியல.

உங்கள் கேபின் உயரத்தில், வண்டியை ஒட்டிய ஓரப்பக்கப் பகுதியும் முகப்புக்கு நேர் கீழேயும் கண்ணாடியில் சரியாகத் தெரியாது. திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரத் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதற்குள் மாட்டினால் தப்புவது கடினம். சிக்னலில் நின்றபோது ஒருமுறை, பச்சை விழுந்ததும் நகரும் முன் இன்னொருமுறை கண்ணாடி பாருங்கள். நின்ற இடைவேளையில்தான் அவர்கள் நுழைகிறார்கள். இண்டிகேட்டரைத் திரும்பும் நேரத்தில் அல்ல, நிற்கும்போதே போடுங்கள்.

சைக்கிள்காரர்களுக்கு: நிற்கும் லாரியின் ஓரப்பக்கமாக முன்னேறாதீர்கள். பின்னால் நில்லுங்கள். முன்னால்தான் நிற்க வேண்டுமென்றால் 3, 4 மீட்டர் தள்ளி, ஓட்டுநரின் முகம் தெரியும் இடத்தில்.

கேள்வி: சந்திப்புல ரெண்டு பக்கமும் பார்த்தேன். ஒண்ணுமில்ல. திடீர்னு சைக்கிள்!

முன்கண்ணாடியின் இரு ஓரத்திலும் கூரையைத் தாங்கும் தூண் இருக்கிறதே, அது ஒரு சைக்கிளை முழுதாக மறைக்கும். நீங்களும் அவரும் மோதும் பாதையில் சீரான வேகத்தில் வந்தால், அவர் உங்கள் கண்ணுக்கு அதே கோணத்திலேயே இருப்பார், தூணைவிட்டு வெளிவரவே மாட்டார். கண்ணை மட்டும் திருப்பாமல், இருக்கையில் முன்னும் பின்னும் சாய்ந்து பாருங்கள்.

கேள்வி: ராத்திரில என்ன போடணும்?

முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. முன்விளக்கு சற்றுத் தரை நோக்கி இருக்கட்டும், எதிரில் வருபவர் கண் கூசினால் உங்களுக்கே ஆபத்து. மினுக்கும் விளக்கு கவனத்தை இழுக்கும், ஆனால் தூரத்தைக் கணிக்க விடாது. சட்டம் அனுமதித்தால் நிலையாக எரியும் ஒன்றைச் சேர்த்துப் போடுங்கள். பளீர் மஞ்சள் சட்டை இரவில் பயன்படாது. ஒளியைத் திருப்பி அடிக்கும் பட்டையைக் கணுக்காலில் கட்டுங்கள். மேலும் கீழுமான அந்த அசைவு, இது மனிதர் என்று தூரத்திலேயே சொல்லிவிடும்.

கேள்வி: கோடு போட்டுத் தனித் தடம் குடுத்தா சண்டை தீருமா?

வெறும் பெயின்ட் கோடு போதாது. ஓட்டுநர் தன் கோட்டுக்குள் இருந்தாலே போதும் என்று நினைத்து, இடைவெளியை மறந்துவிடுகிறார். மெல்பர்ன் பகுதி அளவீடுகளில், கோடு போட்ட தடத்தில் வண்டிகள் சராசரியாகக் கால் மீட்டருக்கு மேல் நெருங்கி முந்தின. வேகம் அதிகமான சாலையில் கட்டைச் சுவரோ உயர்ந்த விளிம்போ வேண்டும்.

கேள்வி: கார்ல உட்கார்ந்திருக்கறவங்க என்ன செய்யணும்?

கதவை அதற்கு அருகிலுள்ள கையால் திறக்காமல், தள்ளியிருக்கும் கையால் திறங்கள். உடல் திரும்பும், கண் தானாகவே பின்னால் போகும். பின்சீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் இதையே பழக்குங்கள்.