மறுமணம், சேர்ந்து வாழ்தல், குடும்ப ஓய்வூதியம்: வாசகர் கேள்வி–பதில்

முதல் மூன்று பதில்களும் ஐந்தாவதும் 2021ஆம் ஆண்டு மத்தியக் குடிமைப் பணி ஓய்வூதிய விதிகளின்படி எழுதப்பட்டவை. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 1978ஆம் ஆண்டு விதிகள் தனியாக உண்டு. இதை அப்படியே அங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

அஞ்சல் துறையில் இருந்த என் கணவர் பணியிலேயே இறந்துவிட்டார். குழந்தை இல்லை. மறுமணப் பேச்சு நடக்கிறது. கோயிலில் தாலி கட்டிக்கொண்டு பதிவு செய்யாமல் விட்டால் பென்ஷன் நிற்காது என்கிறார்கள். சரியா? – வாசகி, திருச்சி

மறைக்க வேண்டிய தேவையே உங்களுக்கு இல்லை. குழந்தை இல்லாத கைம்பெண் மறுமணம் செய்தாலும் குடும்ப ஓய்வூதியம் தொடரும். நிபந்தனை ஒன்றுதான்: சம்பளம், வாடகை, வட்டி என்று உங்கள் சொந்த வருமானம் எல்லாம் சேர்ந்து, மாதம் 9,000 ரூபாயும் அதற்குரிய அகவிலை நிவாரணமும் கூடிய தொகையை எட்டக் கூடாது. கருணை அடிப்படையில் வேலை வாங்கியவர்கள் சறுக்குவது இங்கேதான். மறுமணத்துக்கு முன் அந்தச் சம்பளம் தடையில்லை. மறுமணத்துக்குப் பின் தடை. மறுமணத்தை வங்கிக்கும் கணவர் வேலை பார்த்த அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, வருமான உறுதிமொழியும் கொடுங்கள்.

'பதிவு இல்லையென்றால் கல்யாணமே இல்லை' என்பது டீக்கடைச் சட்டம். இந்து திருமணச் சட்டப்படி கல்யாணத்தை உண்டாக்குவது சடங்கு. பதிவு அதற்குச் சாட்சி. தமிழ்நாட்டில் 1967 திருத்தத்தால் வந்த 7அ பிரிவுப்படி, உற்றார் முன்னிலையில் மாலை மாற்றினாலே திருமணம்தான். குழந்தை உள்ள கைம்பெண்ணுக்கு மறுமணத்தோடு ஓய்வூதியம் நின்றுவிடும். அப்படிப்பட்ட ஒருவர் இப்படி மறைத்து, 'மறுமணம் செய்யவில்லை' என்று கையெழுத்திட்டுப் பணம் வாங்கினால், ரேஷன் கார்டில் புதுப் பெயர் ஏறும் நாளில் மாட்டுவார். வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். இத்தனைக்கும் அவர் மறுமணம் செய்தால் அந்தப் பணம் வீணாகப் போவதில்லை. பிள்ளைகளுக்குப் போகும்: பொதுவாக 25 வயது, திருமணம், சொந்தச் சம்பாத்தியம், இதில் எது முந்துகிறதோ அதுவரை.

வயது 64. மனைவி இறந்துவிட்டார். ஆறு ஆண்டுகளாக ஒரு பெண்மணியோடு சேர்ந்து வாழ்கிறேன். என் காலத்துக்குப் பிறகு அவருக்குக் குடும்ப ஓய்வூதியம் வருமா? – வாசகர், சென்னை

இப்போதைய நிலையில் வராது. விதியில் சேர்ந்து வாழ்பவருக்கு இடமில்லை. சட்டப்படியான கணவன் மனைவிக்கே இடம். நெடுங்காலம் ஒன்றாக வாழ்ந்தவர்களைத் தம்பதியாகக் கருதலாம் என்று உச்ச நீதிமன்றம் 1978இல் சொன்னது உண்மைதான். அந்த வழக்கில் சேர்ந்து வாழ்ந்தது ஐம்பது ஆண்டு. உங்களுக்குப் பிறகு அவர் ஒருவராக நீதிமன்றப் படியேறி இதை நிரூபிக்க வேண்டும். அந்தச் சுமையை அவர் தலையில் வைக்காதீர்கள்.

திருமணம் செய்துகொள்ளுங்கள். ஓய்வுக்குப் பிறகு மணந்த துணைக்கும் உரிமை உண்டு. 1989 பகவந்தி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதை முடித்துவிட்டது. சடங்கு வேண்டாம் என்றால் 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது: திருமண அலுவலரிடம் அறிவிப்பு, 30 நாள் காத்திருப்பு, மூன்று சாட்சிகள். அறிவிப்புக் கொடுத்த மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

பிறகு, சான்றிதழ், சேர்ந்து எடுத்த புகைப்படம், அவருடைய ஆதார், பான் நகல்களோடு கடைசியாக நீங்கள் வேலை பார்த்த அலுவலகத் தலைவருக்கு எழுதுங்கள். பலர் வங்கியில் மட்டும் சொல்லிவிட்டு வருகிறார்கள். ஓய்வூதிய ஆணையில் பெயர் சேர்க்க வங்கிக்கு அதிகாரம் கிடையாது. பிறந்த தேதி எல்லா ஆவணத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரு கணக்குப் போட்டுவிட்டு மணமேடை ஏறுங்கள்: அவரும் முதல் கணவர் வழியில் ஓய்வூதியம் வாங்குபவராக, பிள்ளைகள் உள்ளவராக இருந்தால் அதை இழப்பார்.

என் மகளுக்கு மூளை முடக்குவாதம். வரன் வந்திருக்கிறது. கல்யாணம் செய்து வைத்தால் எங்களுக்குப் பின் அவளுக்கு வரவேண்டிய பென்ஷன் போய்விடுமா? – வாசகர், கோவை

போகாது. திருமணம் ஒரு காலத்தில் தடையாக இருந்தது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு இப்போது அந்தத் தடை இல்லை. வருமான வரம்பும் மற்றப் பிள்ளைகளுக்குப் போல 9,000 அல்ல. பிப்ரவரி 2021 முதல், உங்கள் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதமும் அதற்கான அகவிலை நிவாரணமும் கூடிய தொகைக்குக் குறைவாக அவர் சம்பாதித்தால் தகுதி நீடிக்கும்.

செய்ய வேண்டியதை நீங்கள் இருக்கும்போதே செய்யுங்கள். மூன்று பேர் மருத்துவக் குழுவின் சான்று வேண்டும். அதில் ஒருவராவது அந்தக் குறைபாட்டுக்குரிய சிறப்பு மருத்துவர். நிரந்தரக் குறைபாடு என்று எழுதியிருந்தால் ஒருமுறை போதும், தற்காலிகம் என்றால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை. சான்றை இணைத்து, மகள் பெயரை ஓய்வூதிய ஆணையில் முன்கூட்டியே சேர்க்க விண்ணப்பியுங்கள். பெற்றோர் இறந்தபின் விண்ணப்பிக்கும் குடும்பங்களில், குறைபாடு பெற்றோர் காலத்திலேயே இருந்ததைக் காட்டப் பழைய மருத்துவச் சீட்டுகளைத் தேடி அலைவார்கள். பாதுகாவலர் தேவைப்பட்டால், தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் உள்ளூர்க் குழு தரும் சான்றே செல்லும்.

தனியார் நிறுவன வேலை. திருமணம் செய்யாமல் துணையோடு வாழ்கிறேன். பி.எஃப். பணம், இபிஎஸ் (ஊழியர் ஓய்வூதியத் திட்டம்) பென்ஷன் அவருக்குக் கிடைக்குமா? – வாசகர், ஓசூர்

இரண்டுக்கும் விதி வேறு, அதுதான் குழப்பம். பி.எஃப். கணக்கில் உங்களைச் சார்ந்த தாய் தந்தையும் 'குடும்பம்'. அவர்கள் இருக்கும்வரை வெளியாளை நாமினி போட முடியாது. இபிஎஸ் 1995 திட்டத்தில் குடும்பம் என்றால் சட்டப்படி மணந்த கணவன் அல்லது மனைவியும் பிள்ளைகளும் மட்டுமே. அந்த இருவகையும் இல்லாதவர் யாரை நாமினி போட்டாலும், கைம்பெண் ஓய்வூதியத்துக்குச் சமமான தொகை அவருக்குப் போகும். யுஏஎன் (பி.எஃப். உறுப்பினர் எண்) தளத்தில் இ-நாமினேஷன் செய்யும்போது பி.எஃப். பகுதியோடு நிறுத்தாமல் பென்ஷன் பகுதியையும் நிரப்புங்கள். நாளைக்கு அவரையே மணந்தாலும் பழைய நாமினேஷன் செல்லாது. புதிதாகப் போட வேண்டும்.

மகளுக்கு விவாகரத்து இன்னும் முடியவில்லை. அதற்குள் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவளுக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்குமா? – வாசகி, நெல்லை

தீர்ப்பு பிறகு வந்தாலும் பரவாயில்லை. ஓய்வூதியர் அல்லது அவர் துணை உயிரோடிருக்கும்போது வழக்கு தாக்கலாகியிருக்க வேண்டும் என்பதே 2017 ஆணை. மனுவின் சான்றிட்ட நகலை ஓய்வூதிய ஆணையோடு சேர்த்து வையுங்கள்.