சொட்டவில்லை, ஆனால் வாடை வருகிறது

கேள்வி: ஐயா, என் பெட்ரோல் படகுக்கு 25 வயது ஆகிறது. ஒரு வாரம் மூடி வைத்துவிட்டுத் திறந்தால் உள்ளே பெட்ரோல் வாடை அடிக்கிறது. மேல்தளத்து மூடியிலிருந்து டேங்குக்குப் போகும் ரப்பர் குழாயில் மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றன. ஆனால் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. மாற்றித்தான் ஆக வேண்டுமா? நானே மாற்றலாமா?

பதில்: மாற்றுங்கள். அதுவரை படகை எடுக்க வேண்டாம்.

ஒழுகவில்லை என்பதை வைத்துக் குழாய் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. வயதான ரப்பர் பெட்ரோலை ஆவியாக வெளியே விடும். ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, குழாயை முழு நீளத்துக்கும் துடைத்து, அந்தத் துணியை முகர்ந்து பாருங்கள். துணியில் பெட்ரோல் வாடை இருந்தால் குழாயின் காலம் முடிந்துவிட்டது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காரில் கசிந்தால் கீழே இறங்கிக் கலைந்துவிடும். படகு ஒரு கிண்ணம் மாதிரி. ஆவி அடியில் தேங்கி நிற்கும். ஸ்டார்ட்டரில் ஒரு பொறி போதும்.

குழாய் வாங்கும்போது மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். படகு எரிபொருளுக்கான குழாயில் ஏ1, ஏ2, பி1, பி2 என்று வகை இருக்கும். ‘ஏ’ என்றால் இரண்டரை நிமிடத் தீச் சோதனையைத் தாங்கியது. ‘1’ என்றால் ஆவியைக் குறைவாகக் கசியவிடுவது. நிரப்பும் குழாயில் எரிபொருள் எப்போதும் நிற்பதில்லை என்பதால் ஏ2 போதும். ஏ1 கிடைத்தால் நான் அதைத்தான் போடுவேன். தயாரித்த ஆண்டும் அச்சிட்டிருக்கும்; பல வருடம் கடையில் கிடந்ததை வாங்காதீர்கள். தண்ணீர்க் குழாயோ, கார் ரேடியேட்டர் குழாயோ அளவு பொருந்தினாலும் கூடவே கூடாது. உள்விட்டம் பெரும்பாலும் 38 மில்லிமீட்டர் இருக்கும். இருந்தாலும் அளந்துவிட்டுப் போங்கள். பக்கத்திலேயே ஓடும் மெல்லிய காற்றுப்போக்குக் குழாய்க்கும் அதே வயதுதான், அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

நீங்களே செய்யலாம், அவசரப்படாமல் செய்தால். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும் நாளாகப் பாருங்கள். பேட்டரி இணைப்பை முதலில் கழற்றி, எல்லாக் கதவையும் திறந்து நன்றாகக் காற்றோட விடுங்கள். மின்சாரக் கருவி எதையும் பக்கத்தில் கொண்டுவர வேண்டாம்.

பழைய குழாயைக் கழற்றுவதுதான் கஷ்டமான கட்டம். தொடக்க காலத்தில் ஒரு படகில், டேங்க் வாயோடு ஒட்டிப்போன குழாயை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினேன். பிளாஸ்டிக் டேங்கின் வாய் விரிந்து வெடித்துவிட்டது. தளத்தைப் பெயர்த்து டேங்கையே வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து நான் முறுக்குவதே இல்லை. கிளிப்பைத் தளர்த்திவிட்டு, குழாயின் நுனியைக் கத்தியால் நீளவாக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீறி, வாழைப்பழத் தோல் மாதிரி உரித்து எடுங்கள். உள்ளே சுருள் கம்பி இருந்தால் கட்டிங் பிளேயரால் வெட்டுங்கள். கத்தி டேங்கின் வாயைக் கீறிவிடக் கூடாது; அந்தக் கீறல் வழியாகவே பிறகு கசியும். கழற்றியதும் டேங்கின் வாயை இறுக்கி மூடிவிடுங்கள்.

மேல் நுனியில் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டுப் பழைய குழாயைக் கீழே உருவினால், அதே கயிற்றால் புதியதை அதே வழியில் இழுத்துவிடலாம். அப்புறம் பொருத்திப் பார்த்த பிறகே நீளத்தை வெட்டுங்கள். நுனி ஏறாவிட்டால் வெந்நீரில் சற்று நேரம் வைத்து, சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றுங்கள். தீயைக் காட்ட வேண்டாம். வழியில் எங்கும் தொய்வு இருக்கக் கூடாது. தொய்ந்த இடத்தில் பெட்ரோல் தேங்கும், நிரப்பும்போது எதிர்த்தும் வரும்.

ஒவ்வொரு முனையிலும் இரண்டு கிளிப். திருகு உட்பட முழுவதும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். குழாயின் நுனியிலிருந்து 6 மில்லிமீட்டராவது உள்ளே தள்ளிப் போடுங்கள்.

மேல்தளத்து மூடி உலோகமாக இருந்தால், அதிலிருந்து டேங்குக்கு ஒரு பச்சை வயர் போகும். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் நிரப்பும்போது சேரும் நிலைமின்சாரம் இறங்க அந்த வயர்தான் வழி. அதை மறக்காமல் திரும்ப இணையுங்கள். குழாய்க்கும் டேங்க் வாய்க்கும் நடுவில் வயரைச் செருகிக் கிளிப்பை இறுக்குவது தவறு, அங்கே கசியும்.

முதலில் சில லிட்டர் ஊற்றி, இரண்டு முனையையும் காய்ந்த காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் நிரப்புங்கள். ஒரு நாள் மூடி வைத்துவிட்டுத் திறந்து முகர்ந்து பாருங்கள்.

கேள்வி: எங்கள் படகு டீசல். அவ்வளவு பயம் தேவையில்லைதானே?

பதில்: ஆவி பற்றிய பயம் குறைவுதான், டீசல் அவ்வளவு எளிதில் தீப்பிடிக்காது. ஆனால் குழாய் வெடித்திருந்தால், நீங்கள் மேலே நின்று நிரப்பும்போது கீழே லிட்டர் கணக்கில் படகின் அடியில் கொட்டும். அது உங்களுக்குத் தெரியாது. அடித்தண்ணீரை வெளியேற்றும் பம்ப் தானாக ஓடி, அத்தனையையும் தண்ணீரில் கலந்துவிடும். இந்த முறை நிரப்பும்போது ஒருவரை டார்ச்சோடு உள்ளே உட்காரவைத்துக் குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள்.