புள்ளிகள் மொய்த்துக் கிடந்தால் ஆழத்தைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் குளச்சல்காரர்கள். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள், 2004 சுனாமிக்குக் காரணமான நிலநடுக்கப் பகுதியைக் கணினியில் வரைபடமாகச் செய்கிறாள். கூகுள் எர்த்தில் நிலநடுக்கம் நடந்த இடங்களைப் புள்ளிகளாக ஏற்றினோம். சுமத்ரா பக்கம் எறும்பு மொய்த்தது போல இருக்கிறது. பூமியின் மேலோட்டுத் தட்டுகள் சந்திக்கும் எல்லை எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பாதி வேலை முடிந்துவிட்டது. மேலிருந்து பார்ப்பதால்தான் குழப்பம். 20 கி.மீ. ஆழத்தில் நடந்ததும் 150 கி.மீ. ஆழத்தில் நடந்ததும் வரைபடத்தில் ஒரே மாதிரிப் புள்ளிதான்.

அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனமான யுஎஸ்ஜிஎஸ் தளத்தில் நிலநடுக்கப் பட்டியலை சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக இலவசமாக இறக்கலாம். அட்சரேகை 3 முதல் 4 வரை, தீர்க்கரேகை 92 முதல் 100 வரை, ரிக்டர் என்று நாம் சொல்லும் அளவில் 4.5-க்கு மேல், 2004 தொடக்கத்திலிருந்து இன்றுவரையான தரவு என்று கேளுங்கள். அதை எக்செல்லில் திறந்து, தீர்க்கரேகையைக் கிடையாகவும் ஆழத்தைக் கீழ்நோக்கியும் வைத்து ஒரு படம் போடச் சொல்லுங்கள். மேற்கே, ஒரு தட்டு இன்னொன்றின் கீழ் நுழையத் தொடங்கும் கடலடிப் பள்ளமான அகழிப் பக்கம் புள்ளிகள் மேலாகவே நிற்கும்; கிழக்கே போகப் போக இறங்கி, சுமத்ராவுக்கு அடியில் 100 கி.மீட்டரையும் தாண்டும். அந்தச் சரிவுதான் கீழே நுழையும் தட்டு. முதன்முதலில் இதைத் திரையில் பார்த்த நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

ஆழம் என்ற நெடுவரிசையில் 10, 33 என்ற எண்கள் திரும்பத் திரும்ப வந்தால் அவற்றை அப்படியே நம்ப வேண்டாம். ஆழத்தைச் சரியாகக் கணிக்க முடியாதபோது இப்படி ஓர் எண்ணை வைத்துவிடுவார்கள். படத்தில் படுக்கைக் கோடாகத் தெரியும். தட்டு என்று நினைத்துவிடக் கூடாது. பட்டியலில் உள்ள நேரமும் உலகப் பொது நேரம். 2004 நிலநடுக்கத்துக்கு 00:58 என்று இருப்பது நமக்குக் காலை 6:28.

பிறகு தேடும் பகுதியை அட்சரேகை 0 முதல் 15 வரை விரித்து, க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஆழத்துக்கு ஏற்ப நிறம் கொடுங்கள். 2004-இல் 9.1 அளவில் உடைந்த பகுதி அந்தமான் வரை 1,200 கி.மீட்டருக்கு மேல் நீண்டது. அதன் பின்னதிர்வுகளைத் தனி நிறத்தில் காட்டினால் அந்த நீளம் கண்ணுக்குத் தெரியும். அகழிக்கு மேற்கே கடலுக்குள் 2012 ஏப்ரல் 11 தேதியிட்ட 8.6 புள்ளி ஒன்று நிற்கும். பிழை என்று அழித்துவிடாதீர்கள்! அது எல்லையில் அல்ல, தட்டுக்கு உள்ளேயே நடந்தது. நிலம் பக்கவாட்டில் நகர்ந்ததால் கடல்தளம் பெரிதாக உயரவில்லை. பெரிய சுனாமியும் வரவில்லை.

நம் மாவட்டத்துக்கு அருகில் தட்டு எல்லை எதுவும் கிடையாது. அகழி இங்கிருந்து 1,500 கி.மீட்டருக்கு அப்பால். வடக்கே அச்சன்கோவில் வழியாக ஓடும் பிளவுக் கோடு 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பழைய வடு. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் இதுபோன்ற பிளவுகளைப் பார்க்கலாம். அவற்றைத் தனி அடுக்காக வையுங்கள். எல்லையோடு கலக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. குளச்சலிலிருந்து 2004 நிலநடுக்க மையத்துக்கு ஒரு நேர்கோடு போடச் சொல்லுங்கள். குறுக்கே இலங்கை வரும். அப்புறம் நம் கரைக்கு அலை எப்படி வந்தது? இலங்கையின் தென்முனையைச் சுற்றி வளைந்து வந்தது. மகள் அந்தக் கோட்டையும் அப்படியே வளைத்துக் காட்டட்டும்.