காலையில் கலைக்கூடம், மாலையில் கல்லணை

கேள்வி: 7, 10 வயதுப் பிள்ளைகளோடும் வயதான மாமியாரோடும் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தையும் கல்லணையையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா? சிலைகளைப் பார்க்கப் பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்குமா?
- வாசகி, விருத்தாசலம்

பதில்: தாராளமாக முடியும். காலையில் திறந்ததும் கலைக்கூடத்துக்குப் போய்விடுங்கள். வெயில் தாழ்ந்தபின் கல்லணை. மாற்றிப் போனால், ஆற்றங்கரையில் ஆடிக் களைத்த பிள்ளைகள் எந்தச் சிலையையும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும் காட்ட நினைத்தால் அரை மணியில் சலித்துவிடும். நான்கைந்து போதும். முதலில் திருவெண்காட்டு ரிஷபவாகனரிடம், அதாவது காளைமேல் கை சாய்த்து நிற்கும் சிவனிடம், கூட்டிப் போங்கள். 1011-ஆம் ஆண்டுச் செப்புத் திருமேனி. காளையைக் காணோம், சாய்ந்த கை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. ஒரு காலைக் குறுக்கே வைத்து, அதேபோல் கையை நீட்டி நிற்கச் சொல்லுங்கள். அங்கே என்ன இருந்திருக்கும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். தலைப்பாகை போலச் சுற்றிய சடைக்குள் பாம்பைத் தேடச் சொல்லுங்கள். அடுத்து, அதே ஊர்க் கல்யாணசுந்தரர், பார்வதியை மணக்கும் சிவன். கைப்பிடித்த மணமகளின் தலை லேசாகக் கவிழ்ந்திருக்கும் நாணத்தை உங்கள் மாமியார் நின்று ரசிப்பார். பீடங்களில் உள்ள துளைகளையும் காட்டுங்கள்: இவை வீதியுலா வந்த உற்சவ மூர்த்திகள், தண்டு கோத்துத் தூக்குவதற்காக விட்ட துளைகள் அவை. நாலாபக்கமும் மக்கள் பார்ப்பார்கள் என்பதால்தான் முதுகுப்புறத்திலும் அத்தனை வேலைப்பாடு.

அரண்மனையிலுள்ள மணிக்கோபுரத்தின் படிகள் செங்குத்தானவை. பெரியவர்களுக்கு வேண்டாம்.

கேள்வி: கோடை விடுமுறையில் கல்லணைக்குப் போகலாமா? ஆற்றில் குளிக்கலாமா?
- அதே வாசகி

பதில்: மே மாதத்தில் போனால் மணலைத்தான் பார்ப்பீர்கள். மேட்டூரில் பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பது வழக்கமாக ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. அணை நிலவரத்தைப் பொறுத்து இது மாறும். காலாண்டு விடுமுறைதான் நல்ல நேரம். காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிவதைப் பாலத்தின் மேல் நடந்தபடியே பார்க்கலாம். தஞ்சையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகச் சுமார் 45 கிலோமீட்டர். பிள்ளைகள் ஓடியாடப் பூங்கா இருக்கிறது. யானைமேல் அமர்ந்த கரிகாலனையும் பார்த்துவிடலாம்.

குளிக்க மட்டும் இறங்கவே வேண்டாம். மதகிலிருந்து விழும் நீர் அடியில் சுழன்று மறுபடி மதகை நோக்கியே இழுக்கும். நீச்சல் தெரிந்தவரும் தப்புவது கடினம். சற்றுத் தள்ளி, முழங்கால் ஆழம் போலத் தெரியும் இடத்திலும் நீர் அரித்த பள்ளம் இருக்கும். படிக்கற்களில் பாசி வழுக்கும். சின்னவன் கையை விடாதீர்கள்.

கேள்வி: கட்டுச்சோறு மாலைவரை கெடாமல் இருக்குமா?
- வாசகர், அரியலூர்

பதில்: புளியோதரை கெடாது. தயிர்சாதத்துக்கு, ஒரு டம்ளர் அரிசியைக் குழைய வடித்துச் சூட்டோடு மசித்து, இரண்டரை டம்ளர் காய்ச்சிய பால் விடுங்கள். வெதுவெதுப்பானதும் இரண்டு ஸ்பூன் தயிர் மட்டும். மதியத்துக்குள் அளவாகத் தோய்ந்திருக்கும். சூடு ஆறாமல் டப்பாவை மூடினால் வியர்த்து ஊசிப்போகும்.