12 லிட்டர் டேங்க்ல 12.6 லிட்டர் எப்படிப் போச்சு?

உங்க வண்டி டேங்க்ல 12.6 லிட்டர் பெட்ரோல் போச்சுன்னு மெஷின் காட்டினதை வச்சு மட்டும் பங்க்ல ஏமாத்திட்டாங்கன்னு சொல்ல முடியாது ப்ரோ. மேனுவல்ல இருக்கிற 12 லிட்டர்ங்கிறது விளிம்பு வரைக்கும் உள்ள அளவு இல்ல, வெயில்ல பெட்ரோல் விரியும்ல, அதுக்கு மேல கொஞ்சம் காலி விட்டுத்தான் அந்த நம்பரைப் போடுவாங்க. நீங்கதான் வண்டி ஆஃப் ஆகி தள்ளிட்டுப் போயி, மூடிகிட்ட தளும்புற வரைக்கும் போடச் சொன்னேன்னு எழுதியிருக்கீங்களே, அந்த 600 மில்லி அங்கதான் நிக்குது.

இதுவே ரிசர்வ்ல ஓட்டிட்டுப் போயிருந்தா கணக்கு இடிக்கும், ஏன்னா உள்ள ஒரு லிட்டராச்சும் கிடந்திருக்கும்.

சந்தேகம் தீரலன்னா அதே பங்க்ல 5 லிட்டர் அளவு கேன் கேளுங்க. அளவு சரின்னு அரசு முத்திரை போட்டது, கேட்டா குடுத்தே ஆகணும். மெஷின்ல 0 பாத்துட்டு 5 லிட்டர் பிடிச்சுப் பாருங்க, 25 மில்லி வரைக்கும் முன்னப்பின்ன இருக்கலாம், அதுக்கு மேல குறைஞ்சா தொழிலாளர் துறை முத்திரை ஆய்வாளர்கிட்ட புகார் குடுக்கலாம். முறைப்பாங்க, கண்டுக்காதீங்க.

ஆனா இன்னைக்கு அளவு சரியா இருந்தா அன்னைக்கும் சரியாத்தான் இருந்துச்சுன்னு அர்த்தம் இல்ல. அப்புறம் இனிமே தளும்பத் தளும்பப் போடாதீங்க, பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டின்னா பெட்ரோல் ஆவியைப் பிடிச்சு வைக்கிற கேனிஸ்டர் டப்பாக்குள்ள பெட்ரோல் இறங்கி ஸ்டார்ட்டிங் ட்ரபிள் வரலாம்.